பித்தப்பையில் கல்: ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது?

ஏதோ ஒரு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'கால்பிளாடர் கால்குலஸ், 8 மி.மீ.' என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார் ஒருவர். நாளைக்கே அட்மிட் ஆகிவிடு, விட்டால் கேன்சராகிவிடும் என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். இரண்டு பேச்சையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பித்தப்பைக் கல் விஷயத்தில் அளவைவிட முக்கியமானது, அந்தக் கல் இதுவரை உங்களுக்கு என்ன தொல்லை கொடுத்திருக்கிறது என்பது. பெரிய கல்லோடு ஆயுள் முழுக்க நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. 3 மி.மீ. கல் குழாய்க்குள் நழுவி, கணையம் வீங்கி, ஐ.சி.யூ.வில் படுத்தவர்களும் உண்டு.

ஒரு நோட்டையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

வலது பக்க விலா விளிம்பை ஒட்டி, கல்லீரலுக்கு அடியில், சின்னக் கத்தரிக்காய் போல ஒரு பை தொங்குகிறது. நீளம் 7 முதல் 10 செ.மீ., கொள்ளளவு சுமார் 50 மி.லி. கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்வதுதான் இந்தப் பையின் வேலை. எண்ணெய்ப் பண்டமோ நெய்யோ உள்ளே போனதும் பை சுருங்கி, சேர்த்து வைத்ததைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பித்தநீரைச் சுரப்பது பை அல்ல, கல்லீரல். ஆபரேஷன் பற்றிய பாதி பயம் இதை அறியாததால் வருவது.

பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவு மீறினாலோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கிக் கிடந்தாலோ படிகம் கட்டி மஞ்சள் நிறக் கல்லாகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் அதிகமாக உடையும் நோய்களிலும் கல்லீரல் சுருக்கத்திலும் உருவாவது கறுப்பு நிறமிக் கல். வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கல்லே பெரும்பான்மை. நம் தெற்கே நிறமிக் கல்லுக்கும் கணிசமான பங்கு உண்டு. கல் கரைக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தில் ஏற்கெனவே கல் இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். மளமளவென்று எடை குறைப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் கல்லும் சேர்ந்து வளரலாம். "ரத்தத்தில் கொலஸ்ட்ரால் நார்மல், எனக்கு எப்படிக் கல்?" என்று கேட்பவர்கள் நிறைய. ரத்தத்தில் உள்ள அளவும் பித்தநீரில் உள்ள அளவும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை.

முதல் வேலை: வலியை எழுதி வையுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "அப்பப்ப வலிக்கும் சார்" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்கிறோம். அதை வைத்து அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. வலி வரும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தேதி, வலி தொடங்கிய மணி, முழுவதும் அடங்கிய மணி. "கொஞ்ச நேரம்" என்று எழுதாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.
2. வலி எடுத்த இடம். நெஞ்சுக்குழியா, வலது விலாவுக்குக் கீழா, தொப்புளைச் சுற்றியா? ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, முழு உள்ளங்கையை வைக்க வேண்டியிருக்கிறதா?
3. எங்கே பரவியது? முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலா, வலது தோளிலா, அடிவயிற்றுக்கா?
4. கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?
5. வாந்தி, காய்ச்சல், குளிர், வியர்வை இருந்ததா? சிறுநீர் என்ன நிறம்?
6. என்ன மாத்திரை போட்டீர்கள், கேட்டதா?

பித்தப்பை வலிக்கு ஒரு குணம் உண்டு. கல்யாண விருந்தோ பிரியாணியோ சாப்பிட்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், மேல் வயிற்றில் பிடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. சில மணி நேரம் நிற்கும். விட்டு விட்டு வராமல் ஒரே சீராக அழுத்தும். புரண்டு படுத்தாலும், மலம் கழித்தாலும், ஏப்பம் விட்டாலும், கேஸ் மாத்திரை போட்டாலும் அசையாது. பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அடுத்தது ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருஷம் கழித்தும் வரலாம்.

சாப்பிட்டதும் வயிறு உப்புவது, புளித்த ஏப்பம், நெஞ்சு எரிச்சல் மட்டும் இருந்தால் அதைக் கல்லின் தலையில் கட்டிவிடாதீர்கள். பித்தப்பையை எடுத்த பிறகும் "அதே உப்புசம் இருக்கே" என்று வருத்தப்படுபவர்களில் பலர், கல்லுக்குச் சம்பந்தமில்லாத தொல்லைக்காக ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டவர்கள்.

*கவனம்:* மேல் வயிற்று வலி எல்லாம் கேஸும் அல்ல, கல்லும் அல்ல. மாரடைப்பும் நெஞ்சுக்குழி வலியாக வரும். வயது 40-ஐத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், புகைபிடிப்பவர் என்றால், வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், படபடப்பு இருந்தால், முதலில் எடுக்க வேண்டியது இ.சி.ஜி. ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது அந்த இரவில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம்.

நோட்டை மூடிவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நேரம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

- வலி 6 மணி நேரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே தொட்டாலே உயிர் போகிறது. பித்தப்பை அழற்சியாக இருக்கலாம்.
- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்.
- கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம், மலம் சுண்ணாம்பு போல் வெளுப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. கல் பொதுக் குழாயை அடைத்திருக்கலாம்.
- மேல் வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைப்பது போல வலி, நிற்காத வாந்தி. கணைய அழற்சியாக இருக்கலாம்.

வயதானவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த அறிகுறிகள் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. காய்ச்சலே இல்லாமல் பை அழுகிப்போகும். திடீரென்று சாப்பாட்டை வெறுத்து, சோர்ந்து, முன்பின் முரணாகப் பேசினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காமாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் கை தானாகக் கீழாநெல்லியைத் தேடுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பெரியம்மாவுக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். உப்பில்லாப் பத்தியம் வைத்தோம். இரண்டாம் நாள் சொறிந்து சொறிந்து கையெல்லாம் கீறல். "மருந்து வேலை செய்யுது" என்றோம். மூன்றாம் நாள் இரவு குளிர் எடுத்து, கயிற்றுக் கட்டில் கிறீச்சிடும் அளவுக்கு நடுங்கினார். மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் இறங்கிவிட்டிருந்தது. குழாயில் ஒரு கல் அடைத்து, அதற்கு மேலே தேங்கிய பித்தநீர் சீழாகியிருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் கல்லை எடுத்த பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. காமாலைகளில் வைரஸால் வருவது வேறு, அடைப்பால் வருவது வேறு. இரண்டையும் கண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அடைத்த குழாயை எந்த இலையும் திறக்காது. காமாலை என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். அந்த மூன்று நாளை நாங்கள் வீணடித்தது போல நீங்கள் வீணடிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கேனுக்குப் போவதும் ரிப்போர்ட்டைப் படிப்பதும்

பித்தப்பைக் கல்லுக்கு முதல் பரிசோதனை சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். விலை உயர்ந்த சி.டி. ஸ்கேனில் பல கற்கள் தெரிவதே இல்லை. அதனால் "பெரிய ஸ்கேனே எடுத்துவிடலாம்" என்று அவசரப்பட வேண்டாம்.

1. காலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். காபி, பாலும் கூடாது. பால் குடித்தால் பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் சின்னக் கற்கள் தப்பிவிடும். வெறும் தண்ணீர் பரவாயில்லை.
2. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை டோஸை என்ன செய்வதென்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு வரிசையில் காத்திருப்பது ஆபத்து.
3. ரிப்போர்ட்டில் நான்கு இடங்களை அடிக்கோடிடுங்கள். கல் ஒன்றா, பலவா, மிகப் பெரியது எத்தனை மி.மீ.? பையின் சுவர் தடிமன் எவ்வளவு? (3 மி.மீ. வரை இயல்பு; அதற்கு மேல் போனால் அழற்சியா என்று பார்ப்பார்கள்.) 'சி.பி.டி.' என்ற பொதுக் குழாயின் அகலம் எவ்வளவு? (சுமார் 6 மி.மீ. வரை இயல்பு, வயதோடு சற்றுக் கூடும்.) கணையம் சரியாகத் தெரிந்ததா, வாயு மறைத்ததா? 'ஸ்லட்ஜ்' என்றிருந்தால் அது கல்லாகாத வண்டல்.
4. ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும் சேர்த்து எடுங்கள். பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தால், குழாயில் கல் இருக்கிறதா என்று எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் கேட்பார்கள். குழாய்க் கல்லைச் சாதாரண ஸ்கேன் அடிக்கடி தவறவிடும். "பழைய ஸ்கேனில் குழாய் நார்மல்" என்று வாதாடாதீர்கள்.

எடுக்கலாமா, விடலாமா?

தொந்தரவே இல்லாத கல் என்றால், பொதுவாக எதுவும் செய்ய வேண்டாம். கல் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு அது வாயைத் திறப்பதே இல்லை. அறிகுறி இல்லாதவர்களில் ஆண்டுக்கு 100-க்கு 1 முதல் 4 பேருக்குத்தான் வலி தொடங்குகிறது. ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், அபாய அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், அவ்வளவுதான்.

விதிவிலக்குகள் உண்டு. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பையின் உள்சுவரில் 1 செ.மீ. அளவை எட்டிய 'பாலிப்' என்ற சதை வளர்ச்சி, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்த நிலை ஆகியவற்றில் புற்றுநோய் அபாயம் கூடுவதால், வலி இல்லாவிட்டாலும் சர்ஜனிடம் பேச வேண்டும். சிவப்பணு உடையும் பரம்பரை நோய் உள்ளவர்களும் அப்படியே.

மேலே சொன்ன குணமுள்ள வலி ஒருமுறை வந்துவிட்டாலே கணக்கு மாறிவிடுகிறது. வந்த வலி பெரும்பாலும் திரும்பி வரும். அப்போது நாள் குறித்து, நிதானமாக, ஆரோக்கியமாக இருக்கும்போதே பையை எடுத்துவிடுவது நல்லது. என் கருத்தில், மக்கள் செய்யும் பெரிய தவறு இந்த இடத்தில்தான். வலி போனதும் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அழற்சியோடு, நடுராத்திரியில், அவசர ஆபரேஷனாக வருகிறது. அழற்சி வந்துவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. உடல்நிலை இடம் கொடுத்தால் முதல் சில நாட்களிலேயே எடுப்பதுதான் இன்று வழக்கம். பிந்தப் பிந்த உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலை கடினமாகும். கல்லால் கணைய அழற்சி வந்தவருக்கு அது லேசானதாக இருந்தால், பெரும்பாலும் அதே அட்மிஷனில் எடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் நடு மூன்று மாதங்கள் ஏற்றவை.

"கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா?" நியாயமான கேள்வி. கல்லைச் செய்தது அந்தப் பை. விட்டால் மறுபடியும் செய்யும். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பையையே எடுத்துக் காட்டியதிலிருந்து சிகிச்சை இதுதான். 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியாக அதைச் செய்த பிறகு, பெரிய வெட்டு சின்னத் துளைகளாகியது.

கரைக்கிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கை

*வாழைத்தண்டு:* சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வைத்தியம் இங்கே ஆள் மாறி வந்துவிட்டது. பித்தப்பைக் கல் சிறுநீர்ப் பாதையில் இல்லை. எத்தனை குடம் தண்ணீர் குடித்தாலும் சிறுநீரோடு வராது. வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல காய்.

*ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு:* இரவில் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கற்கள் மலத்தில் வெளியேறும் என்கிறார்கள். உருண்டைகள் வருவது உண்மை. அவற்றைச் சோதித்த விவரம் 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. கொலஸ்ட்ராலோ பிலிருபினோ அவற்றில் இல்லை. குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றுக்குள் சேர்ந்து உருவான சோப்புக் கட்டிகள்தான் அவை. இவ்வளவு எண்ணெய் ஒரே மூச்சில் போனால் பை இறுகச் சுருங்கும். உண்மையான கல் ஒன்று குழாயில் போய் அடைக்க அதுவே வழி செய்யலாம்.

*மாத்திரை:* அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் உண்மையான மருந்து. சின்னதான, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும். பை நன்றாகச் சுருங்க வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். கறுப்புக் கல்லை அது தொடாது. கரைந்தாலும் 5 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. ஆபரேஷன் தாங்காத உடம்பு உள்ளவர்களுக்கு டாக்டர் கொடுக்கலாம். மற்றவர்கள் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் காலம் கடத்த வேண்டாம்.

நாள் குறித்த பிறகு: சாப்பாடும் தயாரிப்பும்

காத்திருக்கும் நாட்களில் பொரித்தது, வறுத்தது, தேங்காய்ப்பால் குழம்பு, நெய் வழியும் இனிப்பு ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், வேகவைத்த காய், ஆவியில் வேகவைத்த மீன் போதும். எண்ணெயே கூடாது என்று பட்டினி கிடப்பதும் தவறு. பை சுருங்காமல் பித்தநீர் தேங்கும். நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நீண்ட விரதங்களை ஆபரேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், சொல்லாமல் தொடரவும் செய்யாதீர்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்க வேண்டாம்.
2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் அனுமதி பற்றிப் பேசுங்கள். தனியார் பாலிசிகள் பலவற்றில் பித்தப்பைக் கல்லுக்கு 2 ஆண்டு காத்திருப்புக் காலம் எழுதப்பட்டிருக்கும். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.
3. சர்ஜனிடம் இதைக் கேளுங்கள்: "துளை வழியாக முடியாவிட்டால் திறந்து செய்வீர்களா?" ஆம் என்றால் பயப்பட வேண்டாம். பித்தக் குழாய்க்குக் காயம் ஏற்படாமல் காப்பதற்காகத்தான் அப்படி மாறுவார்கள். அது தோல்வி அல்ல.
4. சொன்ன நேரத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதீர்கள். திட உணவுக்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி வேண்டும். "ஒரு வாய் காபி" என்று குடித்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷனுக்குப் பிறகு

வழக்கமாக நான்கு சின்னத் துளைகள், முழு மயக்கம், 1 அல்லது 2 நாளில் வீடு. முதல் நாள் சிலருக்கு வயிற்றைவிட வலது தோள் அதிகம் வலிக்கலாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. எழுந்து நடக்க நடக்கக் குறையும். அன்றைக்கே எழுந்து நடப்பது கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமலும் காக்கும்.

சாப்பாட்டில் ஆயுள் பத்தியம் எதுவும் இல்லை. சில வாரங்களுக்கு எண்ணெயைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சிலருக்கு மலம் இளகிப் போகும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். மாதக்கணக்கில் நீடித்தால் மருந்து இருக்கிறது, சகித்துக்கொண்டிருக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை என்று எதையும் சில வாரங்களுக்குத் தூக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த வேலைகளை அவர் கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் கேட்பதில்லை.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, வயிறு ஊதினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, துளையிலிருந்து பச்சை மஞ்சளாக நீர் கசிந்தாலோ ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள். பித்தக் கசிவு, குழாய்க் காயம், குழாயில் தங்கிய கல் ஆகியவை அரிதுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும்.

கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். பெரியம்மாவுடையவை பதினேழு இருந்தன. மிளகைவிடச் சற்றுப் பெரியவை. ஒரு பைக்குள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று அழுந்திக் கிடந்ததால் ஒவ்வொன்றும் பட்டை தீட்டியது போல் முகம் முகமாக இருந்தது. அதைப் பார்க்க அக்கம்பக்கமே வந்தது. டப்பாவோடு எல்லோரும் திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் வாங்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. எடுத்த பையை பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட் எப்போது வரும் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத புற்றுநோய் சில சமயம் அதில்தான் முதன்முதலாகத் தெரியவரும். தையல் பார்க்கப் போகும் நாளில் அந்தத் தாளை நேரில் வாங்கி, சர்ஜனிடம் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.